இருபது நி.மீ.

இப்போதுதான் ஸ்விட்சைப் போட்ட கருவியின் ஊசி பூச்சியத்தில் நிற்க மாட்டேன் என்றது. இரண்டு கோடு வலப்பக்கம் தள்ளி, குளிரில் நிற்பவனைப் போல நடுங்கிக்கொண்டிருந்தது.

"மணி என்ன?" என்றார் பிரிவுத் தலைவர். கேட்டவரே கடிகாரத்தைப் பார்த்துப் பதிலும் சொல்லிக்கொண்டார்: "பதினொன்று புள்ளி இரண்டு."

இதனால்தான் தொழிற்சாலையில் அவருக்கு 'தசமம்' என்று பெயர். போன மாதம் வரை எடைப் பிரிவில் இருந்தவர், பழைய தலைவர் ஓய்வு பெற்றதும் டார்க் பிரிவுக்கு வந்திருந்தார். கதவில் 'டார்க் பிரிவு' என்று எழுதியிருப்பதைப் பார்த்து, இருட்டறை என்று நினைத்து எட்டிப் பார்ப்பவர்கள் உண்டு. உள்ளே இருந்தது ஒரு மேசை, ஒரு நாற்காலி, பொடித் திருகுகளைத் திருப்பும் விசையை, அதாவது டார்க்கை, அளக்கும் அந்தக் கருவி. அவ்வளவுதான்.

பன்னிரண்டு மணிக்கு வாடிக்கையாளர் கம்பெனியிலிருந்து சோதனை அதிகாரி அம்மா வருகிறார். மேனேஜர் காலையிலேயே சொல்லிவிட்டார்: "அந்தம்மா கையெழுத்துப் போடலன்னா, உங்க பிரிவை ஸ்டோரோட சேர்த்துடுவோம்."

ஸ்டோருக்குப் பொறுப்பாளன் தசமத்தின் மனைவியின் தம்பி. ஒன்பது வருஷமாக வீட்டில் "உருப்படாதவன்" என்று யாரைச் சொல்லிவந்தாரோ, அவனிடமே நாளை முதல் லீவு கேட்டு நிற்க வேண்டும்.

அவன் இப்போது, தசமம் கேட்டிருந்த, இறுக்கும் அளவைக் குறித்து வைக்கிற திருப்புளியோடு வாசலில் நின்றான்.

"மாமா, இதுக்கு ஒரு கையெழுத்து."

"அப்புறம். இதைப் பாரு முதல்ல."

கருவியின் மூடிக்கு உள்பக்கம் ஒரு பழைய சீட்டு ஒட்டியிருந்தது. 20 என்ற எண், அடுத்து 'நி'. அதற்கடுத்த எழுத்தின் தலை டீக்கறையில் கரைந்துபோயிருந்தது.

"இருபது நி.மீ. நியூட்டன் மீட்டர்! பழைய தலைவர் விட்டுட்டுப் போன சொத்துடா இது. பின்னாடி இருக்கற திருகை இந்த அளவுக்கு இறுக்கணும், அப்பதான் ஊசி பூச்சியத்துல நிக்கும்."

"அது மீ இல்ல மாமா, மி மாதிரி தெரியுது."

தசமம் யோசித்தார். இருபது நியூட்டன் மீட்டர் சைக்கிள் நட்டுக்குச் சரி. கொசுக்கால் தடிமன் உள்ள திருகு தாங்காது. சட்டென்று முகம் மலர்ந்தது.

"மின்னா மில்லி! இருபது மில்லி நியூட்டன் மீட்டர். பெரியவர் அவசரத்துல எழுத்தை முன்னபின்ன போட்டுட்டார்."

மேசை துடைத்துக்கொண்டிருந்த டீ அக்கா நிமிர்ந்தார். "சார், அந்தச் சீட்டு வந்து..."

"அக்கா, இது கணக்கு."

அக்கா துடைப்பதைத் தொடர்ந்தார்.

"பாதுகாப்பு முதலில்" என்று கருவியின் ஸ்விட்சை அணைத்தார் தசமம். திருப்புளியில் அளவு கிராம் சென்டிமீட்டரில் இருந்தது. பெருக்க வேண்டியதை வகுத்து, 1.961 என்று கண்டுபிடித்து, அந்த அளவில் திருப்புளியை வைத்து, திருகைக் கழற்றிப் புதிதாகப் பூட்டினார். ஸ்விட்சைப் போட்டதும் திருகு தானாகக் கழன்று மேசைக்கடியில் உருண்டது.

பிரிவுத் தலைவரும் ஸ்டோர் பொறுப்பாளனும் தரையில் தவழ்ந்தார்கள்.

"மாமா, காலைத் தூக்குங்க. உங்க முட்டிக்குக் கீழ இருக்கு."

இரண்டாவது தடவை பெருக்கினார். 203.9. ஸ்விட்சை அணைத்து, இறுக்கி, ஸ்விட்சைப் போட்டார். ஊசி மூன்று கோடு தள்ளி நடுங்கியது.

"திருப்புளி சரியில்ல. அவுன்ஸ் அங்குலத்துல ஒண்ணு இருக்குமே, அதைக் கொண்டா."

அவன் ஓடிப்போய்க் கொண்டுவந்தான். தசமம் கணக்கிட்டார்: 2.832.

"மாமா, இருநூத்து மூணும் இந்த ரெண்டே முக்காச் சொச்சமும் ஒரே இறுக்கம்தானே? திட்டுறதை வேற பாஷையில திட்டுற மாதிரி."

"இதனாலதான் உன்னை ஸ்டோர்ல போட்டிருக்காங்க. தசமத்துல வித்தியாசம் வரும்."

மறுபடியும் ஸ்விட்சை அணைத்தார். ஏற்கெனவே இறுகியிருந்த திருகை இன்னொரு தடவை இறுக்கினார். 'கிறிச்' என்றது. திருகின் தலையில் இருந்த வெட்டு தேய்ந்துபோய் மொட்டையானது. இனி அதை இறுக்கவும் முடியாது, கழற்றவும் முடியாது.

ஸ்விட்சைப் போட்டார். ஊசி நான்கு கோடு.

"வேற திருகு குடுடா!"

"ஃபாரத்துல எழுதிக் குடுங்க மாமா. மூணு நாள் ஆகும்."

கதவு தட்டப்பட்டது. சோதனை அதிகாரி அம்மா கையில் பேனாவோடு உள்ளே வந்தார்.

செய்வதற்கு ஒன்றும் மிச்சமில்லை. ஆகவே தசமம் பேசினார். கருவிக்கும் அந்தம்மாவுக்கும் நடுவில் நின்று, கைகளை அகல விரித்துப் பேசினார். நியூட்டனில் ஆரம்பித்து கிராமுக்கு வந்து, அங்கிருந்து அவுன்ஸுக்குத் தாவி, மனிதன் முதன்முதலில் மூடியைத் திருகிய நாள் வரை பின்னால் போனார். அந்தம்மா இரண்டு தடவை கொட்டாவியை விழுங்கினார். டீ அக்கா மூன்று டீ கொண்டுவந்து வைத்தார். ஆறிய டம்ளர்களை எடுத்தும் போனார்.

"சார், கொஞ்சம் விலகுங்க, நான் ஊசியைப் பாத்துக்கறேன்" என்றார் அந்தம்மா கடைசியாக.

தசமம் கண்ணை மூடிக்கொண்டு விலகினார்.

"அட! பூச்சியத்துல ஆணி அடிச்ச மாதிரி நிக்குதே!"

சோதனை எடைகளைத் தொங்கவிட்டுப் பார்த்தார். எல்லாம் சரி. கையெழுத்துப் போட்டார், வாழ்த்தினார், போனார்.

தசமத்தின் நெஞ்சு நிமிர்ந்தது. "பாத்தியாடா உருப்படாதவனே? ரெண்டு புள்ளி எட்டு மூணு ரெண்டு! இடையில ஒரு தசமம் குறைஞ்சிருந்தா இன்னைக்கு மானம் போயிருக்கும்." ஒரு வெள்ளை அட்டையில் '2.832 அவுன்ஸ் அங்குலம்' என்று கொட்டை எழுத்தில் எழுதி, கீழே தன் கையெழுத்தையும் போட்டார். "அக்கா, இந்தப் பழைய சீட்டைக் கிழிச்சுட்டு இதை ஒட்டுங்க."

அக்கா பசை டப்பாவோடு வந்தார். சீட்டை ஒரு நிமிஷம் பார்த்தார்.

"கிழிச்சிடலாம் சார், நான் எழுதுனதுதானே. ஸ்விட்சைப் போட்டா இருபது நிமிஷம் யாரும் கை வைக்காம சூடாகட்டும்னு பழைய சார் சொல்லி, '20 நிமி'ன்னு எழுதி ஒட்டுனேன். இன்னைக்கு நீங்க பேசுனது கரெக்டா இருபது நிமிஷம்."