துக்க வீட்டில் ஒரு தும்மல்

ஐஸ் பெட்டியின் தலைமாட்டில் நின்றிருந்த தேவநாதனுக்குத் தும்மல் முட்டிக்கொண்டு வந்தது.

பெட்டிக்குள் மாமனார் சுப்பராயலு. பெட்டியின் மேல் மலைபோல் சாமந்தி மாலைகள். தேவநாதனுக்குச் சாமந்தி ஆகாது.

திண்டிவனத்தில் பஸ் ஏறும்போதே மனைவி புனிதா எச்சரித்திருந்தாள். "அங்க வந்து தும்மி வெக்காதீங்க. சாவுலகூட மரியாதை இல்லன்னு என் தம்பி ஆடுவான்."

தம்பி தமிழ்மணி இவரோடு பேசிப் பல வருஷம் ஆகிறது. இவர் கல்யாணத்தில் முதல் பந்தியில் யாரை உட்கார வைப்பது என்று வந்த சண்டை.

முன்பெல்லாம் மார்கழிப் பனியில் மட்டும் எட்டிப்பார்த்த தும்மலும் இரைப்பும் இப்போது மாதம் பார்ப்பதில்லை. வைகாசியில் அடைமழை, ஐப்பசியில் கத்திரி வெயில். எப்போது பூப்பது என்று செடிக்கே குழப்பம்.

தேவநாதன் துண்டால் மூக்கை அழுத்தினார். தும்மல் நின்றது, கண்ணீர் கொட்டியது, தோள் குலுங்கியது.

"பாருடி, மருமவன் எப்படித் தேம்பறாரு!"

இரக்கப்பட்ட நாலு பேர் அவரைத் தாங்கிப் பிடித்து, மாலைகளுக்கு இன்னும் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். யாரோ சாம்பிராணியும் போட்டார்கள். நெஞ்சு விசிலடித்தது.

இன்ஹேலரை யார் கண்ணிலும் படாமல் இழுத்துவிடலாம் என்று உள்ளறைக்கு நழுவினார். புயல் வெள்ளம் தேங்கி வடிந்த அறை. சுவரெல்லாம் கறுப்புப் பூஞ்சை. இருந்த மூச்சும் அடைத்தது. தள்ளாடி வெளியே வந்தவர்மேல் தமிழ்மணி மோதினான். கண் சிவந்து, மூச்சு வாங்க, அப்படியே கட்டிக்கொண்டான்.

"மாமா... எங்கப்பா மேல இம்மாம் பாசமா? நாந்தான் உங்களத் தப்பா நெனச்சிக்கினு இருந்தேன்!"

தேவநாதன் இரைப்போடு அவன் முதுகைத் தட்டிக் கொடுத்தார். இருவரும் சேர்ந்து விம்மியதைப் பார்த்து ஊரே கண் கலங்கியது.

பிறகு தோட்டத்துப் பக்கம் போய் மருந்தை இழுத்தார். மூச்சு சீராக இறங்கியது. பல வருஷத்துப் பாரமும் கூடவே இறங்கியது. ஆனாலும் உறுத்தியது. அழவே இல்லையே! அவனிடம் உண்மையைச் சொல்லிவிடலாமா?

காபி கொண்டுவந்த பக்கத்து வீட்டுக் கெங்கம்மாள் இன்ஹேலரைப் பார்த்துக் கிசுகிசுத்தாள்.

"ஜல்தியா அத்த உள்ள கொண்டும்போய்க் குடு தம்பி. வெள்ளம் வந்ததுலேர்ந்து தமிழ்மணிக்கும் இதே இழுப்புதான். மருந்து தீந்துபோயி, காலையிலேர்ந்து அழற மாதிரியே சமாளிச்சிக்கினு கெடக்கறான்!"