காற்புள்ளி ஒழிப்பு

நெருப்பைக் கண்டுபிடித்ததற்குப் பிறகு மனித குலம் செய்த மாபெரும் காரியம், அந்த மருத்துவமனையின் இயக்குநர் காற்புள்ளியை ஒழித்ததுதான்.

நோயாளிக்கு ஆகாத மருந்து எதுவென்று கணினியில் தேடிப் பார்த்துவிட்டு ஊசி போடுவது அங்கே வழக்கம். அதற்கென்று 'ஒவ்வாமை' என்றொரு கட்டம். சிலருக்கு ஒரு மருந்து ஆகாது; சிலருக்கு மூன்று நான்கு. இந்த ஒழுங்கின்மையை இயக்குநரால் சகிக்க முடியவில்லை. கூட்டம் கூட்டினார்.

"ஒரு கட்டம், ஒரு சொல். எல்லா மருந்தையும் சேர்த்து எழுதுங்க. இடைவெளி வேண்டாம், காற்புள்ளியும் வேண்டாம்."

கணினிப் பொறியாளர் எழுந்தாள். "சார், ஒரே கட்டத்துல எத்தனை மருந்தையும் தனித்தனியா வைக்கலாம். எந்த மருந்தைத் தேடினாலும் அது ஆகாதவங்க பேர் வந்துடும். ஒட்டிட்டா எதுவுமே அகப்படாது."

"ஒரே வீட்டுல தனித்தனிச் சமையலா? காற்புள்ளி பிரிவினையோட அடையாளம்மா!"

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. திட்டத்துக்கு 'ஒருமைப்பாடு' என்று பெயரும் வைத்தாகிவிட்டது. அன்றிரவு இயக்குநர் தம்மை மெச்சிக்கொண்டே நிம்மதியாகத் தூங்கினார்.

இரண்டு மாதம் கழித்து, கூட்டமொன்றில் அவர் 'ஒருமைப்பாட்டின்' அருமையை விளக்கிக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. அவசரப் பிரிவு நர்ஸ்.

"சார், கையில கண்ணாடி கிழிச்சு சீழ் வச்ச ஒரு அம்மா வந்திருக்காங்க. பென்சிலின் ஆகாதுன்னு அடம் பிடிக்கிறாங்க. தேடினா அப்படி எதுவும் இல்லைன்னு வருது."

"நோயாளிக்கு என்ன தெரியும்? கணினி பொய் சொல்லாது. போடுங்க!"

போட்டார்கள். அந்த அம்மாளின் முகம் வீங்கி, மூச்சு அடைத்து, உதடு நீலமாயிற்று. டாக்டர்கள் ஓடிவந்து எப்படியோ பிழைக்க வைத்தார்கள். செய்தி கேட்டு வந்த இயக்குநர் எட்டிப் பார்த்தார். கட்டிலில் கிடந்தது அவருடைய மனைவி.

"என் பேரைச் சொல்லியிருக்கக் கூடாதா?" என்றார்.

"ஆகாத மருந்தோட பேரைத்தான் சொன்னேனே," என்றாள் அவள், குரல் எழும்பாமல். "நீங்கதான் போடச் சொன்னீங்களாம்."

கணினியில் அவள் பெயருக்கு எதிரே 'பென்சிலின்சல்ஃபாஆஸ்பிரின்' என்றிருந்தது. உலகத்தில் எந்த மருந்துக் கம்பெனியும் அப்படியொரு மருந்தைத் தயாரிப்பதில்லை.

அன்றே இயக்குநர் தீர்க்கதரிசனத்தோடு அடுத்த புரட்சியை அறிவித்தார்: மருந்துகள் இனித் தனித்தனி. அதற்கும் கைதட்டினார்கள், அதே கைகள்.

மறுநாள் பொறியாளர் அவர் அறைக்கு வந்தாள்.

"பழைய பதிவுகளையும் பிரிச்சாச்சு சார். தேடல் இப்ப சரியா வேலை செய்யுது."

"பார்த்தியா? என் காலத்துலதான் இந்த ஆஸ்பத்திரி முன்னேறுது!"

"ஆமா சார். போன மாசம் ஊசி போட்டதும் செத்துப்போனாரே லாரி டிரைவர், அவருக்கு அந்த மருந்து ஆகாதுன்னு இப்பத் தெளிவா வருது."

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அவர் சாவுக்குக் காரணம் என்னன்னு போட்டிருக்கு?"

"மாரடைப்புன்னு. நீங்கதானே சார் ஒரே சொல்லா எழுதச் சொன்னீங்க."