பதினோரு குளிர்காலத்துக்காரர்

பனிக்கண்டத்து உயிர்கள் என்று பள்ளிக்கூடப் புத்தகத்தில் ஒரு பாடம் படித்திருப்பீர்கள். பென்குவின், சீல், ஸ்குவா என்கிற திருட்டுப் பறவை என்று மூன்று படம் போட்டுப் பாடத்தை முடித்திருப்பார்கள். நான்காவது ஒன்றை விட்டுவிட்டார்கள். அது வெளியே வசிப்பதில்லை. ஆராய்ச்சி நிலையத்துச் சாப்பாட்டுக் கூடத்தில், வெந்நீர்க் குழாய் ஓடும் சுவரை ஒட்டின நாற்காலியில், காப்பிக் குவளையை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு வசிக்கிறது. "அப்பப்பா, இன்னிக்கு என்னா குளிரு!" என்று யாராவது அதன் காதில் விழும்படி சொன்னால் போதும். தலை நிமிரும். குவளை கீழே இறங்கும். "இதெல்லாம் ஒரு குளிரா?" என்று ஒரு கூவல் கூவும்.

கூவின பிறகு நிறுத்துமா? நிறுத்தாது.

நான் ஹாலோவே நிலையத்தில் குழாய் வேலை பார்ப்பவன். பெயர் லாய்ட், சொந்த ஊர் அமெரிக்காவில் டுலூத். ஆறு குளிர்காலம் அங்கே கழித்தவன் என்பதால் இந்த இனத்தைப் பக்கத்தில் உட்கார்ந்து, அதன் கையால் உப்பு வாங்கிச் சாப்பிட்டுக் கவனித்திருக்கிறேன். இனத்தின் சிறந்த மாதிரியாக எங்களிடம் இருந்தவர் டெல்பர்ட் ஹ்ருஷ்கா. நெப்ராஸ்காக்காரர். சரக்கு இறக்குவது, ஏற்றுவது, வண்டி ஓட்டுவது எல்லாம் அவர் பொறுப்பு. பதினோரு குளிர்காலம் பார்த்தவர். இதை நான் சொல்லவேண்டியதே இல்லை, அவரே சொல்லிவிடுவார். காலை வணக்கம் சொன்னால்கூட, "பதினோரு வருஷமா இதே வணக்கத்தத்தான் கேக்கறேன்" என்பார்.

அவருடைய மேலங்கியைப் பார்த்தாலே இனம் தெரிந்துவிடும். எங்களுக்கெல்லாம் நிலையத்தில் கொடுக்கிற சிவப்பு அங்கி. அவருடையதும் ஒரு காலத்தில் சிவப்புதான் என்று கேள்வி. கிழிந்த இடமெல்லாம் வெள்ளி நிற நாடா ஒட்டி, ஒட்டின நாடா கிழிந்த இடத்தில் அதற்கு மேல் நாடா ஒட்டி, இப்போது நாடாக்களுக்கு நடுவே அங்கங்கே கொஞ்சம் அங்கி தெரிகிறது. புதிதாக வருகிறவர்கள் இதைப் பார்த்து ஏங்கிப்போய், யாரும் இல்லாத நேரத்தில் தங்கள் புது அங்கியில் வண்டி மசியைத் தடவிக்கொள்வதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

இந்த இனத்துக்கு நாட்காட்டி கிடையாது. எந்த வருஷம் என்று கேட்டால் எண் சொல்லாது. "கக்கூஸ் குழாய் வெடிச்ச வருஷம்", "முட்டை வராத வருஷம்", "டாக்டருக்கே குடல்வால் வந்த வருஷம்" என்றுதான் சொல்லும். நிலையத்தில் புயலுக்கு மூன்று தரம் உண்டு. மூன்றாம் எண் என்றால் சும்மா காற்று. ஒன்றாம் எண் என்றால் நீட்டின கை தெரியாது, கதவைத் திறக்கவே கூடாது. ஒன்றாம் எண் அறிவித்து நாங்கள் நாற்பத்து மூன்று பேரும் உள்ளே முடங்கிக் கிடக்கும்போது டெல்பர்ட் ஜன்னலோரம் போய் நின்று, வெள்ளைச் சுவரைத் தவிர வேறெதுவும் தெரியாத அந்தக் கண்ணாடியை அலட்சியமாகப் பார்த்து, "எங்க காலத்துல இத மூணுன்னுதான் சொல்லுவோம். துணி காயப்போடுவோம்" என்பார்.

வாரம் இரண்டு முறை, முறைக்கு இரண்டு நிமிஷம் குளியல் என்று கட்டுப்பாடு வந்தபோது எல்லோரும் புலம்பினோம். அவர் மட்டும் புலம்பவில்லை. "ரெண்டு நிமிஷமா? ரெண்டாவது நிமிஷத்துல என்னய்யா பண்ணுவீங்க?" என்று உண்மையான அக்கறையோடு கேட்டார்.

ஒரு ரகசியம் சொல்கிறேன், வெளியே போகக்கூடாது. ஒருமுறை அவர் அறையில் சூட்டுக் குழாய் ஒழுகுகிறது என்று பார்க்கப் போனேன். கதவைத் திறந்ததும் என் மூக்குக் கண்ணாடி ஆவி படிந்து வெளுத்துவிட்டது. குழாய் முழுக்கத் திறந்திருக்கிறது. கட்டிலில் ஒரு மின்சாரப் போர்வை. அதன் மேல் இன்னொரு மின்சாரப் போர்வை. நடுவில் அரைக்கால் சட்டையும் கம்பளிக் குல்லாயுமாக டெல்பர்ட்.

"குழாயச் சோதிச்சுக்கிட்டிருந்தேன்" என்றார்.

"எவ்வளவு நேரமா?"

"பிப்ரவரியிலேர்ந்து."

இப்படிப்பட்டவரிடம் எனக்கு மனத்தாங்கல் எதுவும் இல்லை. தக்காளி விஷயம் வரும் வரைக்கும்.

பிப்ரவரிக் கடைசியில் விமானம் போய்விட்டால் அடுத்த விமானம் ஆகஸ்ட் கடைசியில்தான். இடையில் ஆறு மாதம் டப்பா பீன்ஸ், தூள் முட்டை, உறைந்த கோழி. பச்சையாக ஒரு இலை கிடையாது. ஜூலை மாதத்தில் பெரிய பெரிய மனிதர்கள் கீரை வந்த கனவைச் சாப்பாட்டு மேஜையில் விவரிப்பார்கள், மற்றவர்கள் குறுக்கே பேசாமல் கேட்பார்கள். மேல்வானத்து மின்னூட்டங்களை அளக்க வந்த ஆராய்ச்சிக்காரர் ஒருவர் விதைப் பட்டியல் புத்தகத்தைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்கினார். யாரும் கேலி செய்யவில்லை. இரவல் கேட்டோம்.

அதனால் எங்கள் நிலையத்தில் ஒரு வழக்கம். முதல் விமானம் வருவதற்கு முந்தின நாள், தலைமைச் சமையல்காரி மார்லிஸ் க்விஸ்ட் தன்னுடைய பெரிய சூப் அண்டாவில் எல்லோர் பெயரையும் சீட்டெழுதிப் போட்டு, கரண்டியால் கலக்கி, ஒன்றை எடுப்பாள். அந்த ஆள், அடுத்த நாள் எல்லோர் முன்னிலையிலும் முதல் தக்காளியைக் கடிக்கலாம். முழுத் தக்காளி. பங்கு கிடையாது. அவன் கடித்து, சாறு மோவாயில் வழிந்த பிறகுதான் மற்றவர்களுக்குத் தட்டு.

ஐந்து வருஷம் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஆறாவது வருஷம் மார்லிஸ் சீட்டைப் பிரித்து, "லாய்ட்!" என்றாள்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. சொல்வதற்கு வெட்கமில்லை.

"குலுக்கலா?" என்றார் டெல்பர்ட். "எங்க காலத்துல ஒரே தக்காளி வரும். அதையும் மோந்து பாத்துட்டுத் திருப்பி அனுப்பிடுவோம்."

மறுநாள் நண்பகல். அங்கே அந்தச் சமயத்தில் நண்பகல் என்றால் அடிவானத்தில் கொஞ்சம் ஆரஞ்சு நிறம், அவ்வளவுதான். மைனஸ் நாற்பத்தொன்று. செல்சியஸா ஃபாரன்ஹீட்டா என்று கேட்காதீர்கள், அந்தப் பக்கம் போய்விட்டால் இரண்டு அளவும் ஏறக்குறைய ஒன்றுதான். ஓடுதளம் நிலையத்திலிருந்து எட்டு கிலோமீட்டர். சூடேற்றின பெட்டி வைத்த வண்டியை டெல்பர்ட் ஓட்ட, சரக்கு இறக்க நானும் தொற்றிக்கொண்டு போனேன். என் தக்காளியை நானே வரவேற்கலாம் என்று ஒரு ஆசை.

விமானம் இறங்கியது. பயணிகள் இறங்கினார்கள். அதற்குப் பின்னால், பச்சைக் காய்ப் பெட்டிகள் இருபத்தெட்டு. ஒவ்வொன்றிலும் 'உறையவிடாதே' என்று பெரிய சிவப்பு எழுத்து. வண்டியின் சூட்டுப் பெட்டி திறந்து தயாராக இருந்தது. இரண்டு நிமிஷ வேலை. யாராலும் கெடுக்க முடியாத வேலை என்றுதான் நினைத்தேன்.

பயணிகளில் கடைசியாக ஒருவர் இறங்கினார். அவருடைய அங்கியைப் பார்த்தேன். அதில் சிவப்பே இல்லை. முழுக்க நாடா.

"என்ன டெல்பர்ட்டு, இன்னும் உயிரோடதான் இருக்கியா?" என்றார் வந்தவர்.

வெர்ன் டகெட். பதினான்கு குளிர்காலம்.

ஒரு நிலையத்தில் இந்த இனத்தில் ஒன்று இருந்தால் சமாளிக்கலாம். இரண்டு சந்தித்தால்?

வெர்ன் பெட்டிகளைப் பார்த்தார். சூட்டு வண்டியைப் பார்த்தார். மறுபடியும் பெட்டிகளைப் பார்த்தார். "இது என்னப்பா, தக்காளிக்குச் சூடா? எங்க காலத்துல திறந்த சறுக்குவண்டியில வெச்சு, மேல ஒரு தார்ப்பாயப் போட்டு இழுத்துக்கிட்டுப் போயிடுவோம்."

டெல்பர்ட் முகம் சிவந்தது குளிரினால் அல்ல. "சூட்டு வண்டி எனக்கா? வந்திருக்கற பசங்களுக்குய்யா. காய எப்பவும் சறுக்குவண்டியிலதான். ஆமா, தார்ப்பாய் எதுக்கு?"

"தார்ப்பாய் வேணாமா?"

"பதினோரு வருஷத்துல நான் தார்ப்பாய் போட்டதே இல்ல."

"ஓ" என்றார் வெர்ன். "நாங்க பெட்டி மூடியவே கழட்டிடுவோம். காத்தாடட்டும்னு."

"டெல்பர்ட்டு, வேணாம்யா. பெட்டியில எழுதியிருக்கு பாரு" என்று கெஞ்சினேன்.

"எழுதறவனுக்கு என்னய்யா தெரியும்? அவன் நியூஸிலாந்துல உக்காந்துக்கிட்டு எழுதறான்."

புதிதாக வந்த இருபது பேர் சூட்டுப் பெட்டிக்குள் வசதியாக ஏறிக்கொண்டார்கள். இருபத்தெட்டுப் பெட்டியும், மூடி திறந்து, தார்ப்பாய் இல்லாமல், பின்னால் கட்டின சறுக்குவண்டியில் ஏறின. எட்டு கிலோமீட்டர். டெல்பர்ட் ஓட்ட, பக்கத்தில் வெர்ன். டெல்பர்ட் ஜன்னலை இரண்டு விரற்கடை இறக்கினார். வெர்ன் தன் பக்கத்து ஜன்னலை முழுக்க இறக்கினார். டெல்பர்ட் குல்லாயைக் கழற்றினார். வெர்ன் கையுறையைக் கழற்றினார். இரண்டு பேருக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட நான், எனக்கு எந்தப் பெருமையும் கிடைக்காமல், பல் தந்தியடிக்க உட்கார்ந்திருந்தேன். பின் கண்ணாடி வழியே பார்த்தால் என் தக்காளி காற்றாடிக்கொண்டு வந்தது.

மெதுவாகத்தான் ஓட்டினார்கள். வேகமாகப் போனால் குளிருக்குப் பயந்த மாதிரி ஆகிவிடுமாம். முக்கால் மணி நேரம்.

சமையலறை வாசலில் மார்லிஸ் காத்திருந்தாள். அவளுக்குப் பின்னால் நாற்பது பேர். தலை வாரியிருந்தார்கள். மின்னூட்டக்காரர் டைகூடக் கட்டியிருந்தார்.

மார்லிஸ் முதல் பெட்டியிலிருந்து ஒரு கீரைக் கட்டை எடுத்தாள். அது அவள் கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. விழுந்து, கண்ணாடிக் குவளை உடைந்த சத்தத்தோடு நாலாபக்கமும் சிதறியது.

அடுத்து ஒரு வெள்ளரிக்காயை எடுத்துக் கதவுச் சட்டத்தில் தட்டிப் பார்த்தாள். கதவில்தான் பள்ளம் விழுந்தது.

"யோவ்" என்றாள் மெதுவாக. அவள் கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. "அவருக்குப் பதினாலு. உனக்குப் பதினொண்ணு. ஆக இருபத்தஞ்சு குளிர்காலம். இருபத்தஞ்சு குளிர்காலம் சேந்து ஒரு தக்காளியக் கொண்டுவரத் தெரியலையாய்யா?"

கையிலிருந்த வெள்ளரியைக் கீழே வைத்துவிட்டு, இடுப்பில் கட்டியிருந்த துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். ஆறு மாதம் டப்பாவைத் திறந்து திறந்து எங்களுக்குச் சோறு போட்டவள். எனக்கு அந்த இரண்டு பேர் மேலும் வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை.

"சரி, மீதிய சூப் வெக்கிறேன்" என்றாள். "லாய்ட், உன்னோடத வெந்நீர்ல போட்டு எடுத்துத் தரேன். கொழகொழன்னுதான் இருக்கும். ஆனா தக்காளி தக்காளிதான்."

நியாயமான பேச்சு. நானும் தலையாட்டத்தான் போனேன். அப்போது வெர்ன் தொண்டையைக் கனைத்தார்.

"வெந்நீரா?" என்றார். "எங்க காலத்துல அப்படியே கடிப்போம்."

"அதானே" என்றார் டெல்பர்ட். "இதெல்லாம் ஒரு கெட்டியா?"

நாற்பது பேர் என்னைப் பார்த்தார்கள். புதிதாக வந்த இருபது பேரும் பார்த்தார்கள். அவர்கள் அங்கியெல்லாம் பளபளவென்று இருந்தது. எனக்குள் ஏதோ ஒன்று தலையைத் தூக்கியது.

"வெந்நீர் எதுக்கு மார்லிஸ்?" என்று ஒரு குரல் கேட்டது. என் குரல்தான். "ஆறு குளிர்காலம் பாத்தவன் நான்."

"டேய், வேணாம்டா..."

கடித்தேன்.

மேல்வரிசை முன்பல்லில் பாதி உடைந்து தரையில் விழுந்தது. தக்காளிக்கு ஒரு கீறல் இல்லை. டாக்டர் வந்து, நிலையத்தில் பல்லுக்கும் அவர்தான் என்பதால், பார்த்துவிட்டு, "இப்ப ஒண்ணும் பண்ண முடியாது, ஊருக்குப் போய்க் கட்டிக்கோ" என்றார். டெல்பர்ட்டும் வெர்னும் என் தோளில் ஆளுக்கொரு பக்கம் தட்டினார்கள். இருவரும் முதல்முறையாக ஒரு விஷயத்தில் ஒத்துப்போனது அன்றைக்குத்தான்.

நான்கு நாள் அவர்களோடு பேசவில்லை. மார்லிஸும் பேசவில்லை, என்னோடும் சேர்த்து. ஐந்தாம் நாள் இரண்டாவது விமானம் வந்தது. இந்த முறை மார்லிஸே ஓடுதளத்துக்குப் போய், ஒவ்வொரு பெட்டியையும் தன் கையால் சூட்டு வண்டியில் ஏற்றி, பெட்டிகளின் மேலேயே உட்கார்ந்து வந்தாள். நல்ல தக்காளி. மெத்தென்ற தக்காளி. எல்லோரும் சாப்பிட்டோம், நான் ஓரத்துப் பல்லால்.

எதிர்மேஜையில் புதிதாக வந்த ஆராய்ச்சிப் பெண் ஒருத்தி பாதித் தக்காளியைத் தட்டோரம் ஒதுக்கிவிட்டு, "ஊர்ல கிடைக்கற ருசி இல்லையே" என்றாள் தோழியிடம். தப்பில்லாத பேச்சு. யாருக்கும் தொந்தரவில்லாத பேச்சு.

நான் எழுந்து அவர்கள் மேஜைக்குப் போனது எனக்கே தெரியாது. "ருசியாம்மா?" என்று ஆரம்பித்தேன். "நான் பல்லு ஒடச்ச வருஷம் நீங்க வந்திருக்கணும்."

"அது எப்போ?" என்று கேட்டாள் அவள், பாவம், மரியாதைக்கு.

"போன செவ்வாக்கெழம" என்றேன்.

அக்டோபரில் நியூஸிலாந்து வந்து இறங்கியதும் ஒரு பல் டாக்டரைப் பார்த்தேன். கால் மணி நேரத்தில் கட்டித் தந்துவிடுவதாகச் சொன்னார், வலியே இருக்காது என்றார். கொஞ்சம் யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன். வருஷம் இரண்டாகிறது. இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். முழுப் பல்லை வைத்துக்கொண்டு நான் யாரிடம் என்னத்தைச் சொல்வது?

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் மைனஸ் நாற்பத்தொன்று என்று படித்த இடத்தில், "குளிரு கெடக்கட்டும், எங்க ஊரு மே மாச வெயில்ல ஒரு நாள் நிக்கச் சொல்லு பாப்போம்" என்று உங்கள் உதடு லேசாக அசைந்ததா இல்லையா? இல்லவே இல்லை என்கிறீர்களா? நல்லது. போன வாரம் மின்சாரம் போனதற்கு வீட்டில் யாரோ அலுத்துக்கொண்டபோது நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள், எந்தப் புயலைப் பற்றிச் சொன்னீர்கள், எத்தனை நாள் கரண்ட் இல்லாமல் இருந்ததாகச் சொன்னீர்கள் என்று அவர்களையே கேட்டுப் பாருங்கள்.

எட்டு நாள் என்றா சொன்னீர்கள்? போன தடவை ஐந்து நாள் என்று சொன்னதாக அவர்களுக்கு ஞாபகம்.