மூன்றடி எட்டு அங்குலம்

கொளுத்துக்காரரின் மகளாகப் பிறந்துவிட்டு, பச்சைக் காங்கிரீட்டுக்கும் கழுவிவிட்ட தரைக்கும் வித்தியாசம் தெரியாமல் ஏமாந்தவள் உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். (கொளுத்துக்காரர் என்றால் கொத்தனார். வில்லியனூர்ப் பக்கம் அப்படித்தான் சொல்வோம்.) இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுவது நல்லது. நான் சொல்லாவிட்டால் எங்கள் அம்மா சொல்லிவிடுவாள், அதுவும் என் மாமியாரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு.

அப்போது எனக்கு இருபது வயது. பிசியோதெரபி இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தேன். புதுச்சேரியில் குடியிருந்த வெளிநாட்டுக்காரர் ஒருவர் ஊரைக் காலி செய்தபோது விட்டுப்போன பி.எம்.எக்ஸ். சைக்கிள் ஒன்று, என் தோழி ரேவதியின் மாமா வழியாக என் கைக்கு வந்து சேர்ந்தது. சின்னச் சக்கரம், தடித்த டயர், முழங்காலுக்குக் கீழே இருக்கிற சீட். அதில் நான் ஏறி நின்றதைப் பார்த்த அப்பா கேட்ட முதல் கேள்வி இன்றும் நினைவிருக்கிறது.

"உக்காரவே மாட்டன்னா அந்த சீட்டு எதுக்கும்மா கீது?"

அப்பாவுக்கு எதிலும் கணக்குச் சரியாக இருக்க வேண்டும். ஊரில் அவருக்கு ரசமட்டம் அந்தோணி என்று பெயர். மற்ற மேஸ்திரிகள் கண்ணால் பார்த்துச் சொல்வதை இவர் ரசமட்டத்தை வைத்து, அதற்குள் இருக்கும் குமிழி நடுவில் நிற்கிறதா என்று பார்த்துத்தான் சொல்வார். எங்கள் வீட்டில் தோசைக்கல் கூட மட்டமாக இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்திருக்கிறார். (ஒரு பக்கம் சரிவாம். அன்றைக்கு அம்மா தோசை சுடவில்லை.)

பி.எம்.எக்ஸில் பல பாணிகள் உண்டு என்று வீடியோ பார்த்துத் தெரிந்துகொண்டேன். எதில் எனக்குத் திறமை ஒளிந்திருக்கிறது என்று தெரியாததால் எல்லாவற்றையும் முயன்று பார்ப்பதென்று முடிவு செய்தேன். மண்மேட்டில் தாவுகிற பாணிக்கு மணப்பட்டுக் கடற்கரையைத் தேர்ந்தெடுத்தேன். ரேவதி ஸ்கூட்டி ஓட்ட, சைக்கிளை மடியில் வைத்துக்கொண்டு நான் பின்னால் உட்கார்ந்து போனேன். மணலில் நாலடி ஓடிய சக்கரம் அப்படியே புதைந்து நின்றுவிட்டது, நான் மட்டும் தொடர்ந்து போனேன். வலை பிரித்துக்கொண்டிருந்த மீனவர் ஒருவர் நிமிர்ந்து பார்த்து, "தம்பி, அது மணலுப்பா" என்றார். ஹெல்மெட்டைக் கழற்றியதும், "ஐயையோ, பொண்ணா!" என்று எழுந்து வந்து தூக்கிவிட்டார்.

ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி வித்தை காட்டுகிற பாணிக்கு நெற்களம் பொருத்தமாக இருந்தது. ஆனால் அறுவடை வந்ததும் நெல்லைக் கொட்டிவிட்டார்கள். கடைசியில் ரேவதியின் ஊரான கிருமாம்பாக்கத்துக்குப் பக்கத்தில் எங்களுக்கு ஒரு சொர்க்கம் கிடைத்தது. மனை போட்டு, சிமெண்ட் ரோடு போட்டு, வாசலில் வளைவு கட்டி, ஒருவரும் வீடு கட்டாத ஒரு நகர். ஆறு தெரு, ஆறிலும் ஆள் இல்லை. அங்கேதான் தெருப் பாணியைக் கற்றுக்கொண்டேன். நடைபாதை ஓரம், படிக்கட்டு, கல்வெர்ட்டுச் சுவர் என்று எதிர்ப்பட்டதையெல்லாம் தாண்டுவதுதான் தெருப் பாணி. நான் எதையும் தாண்டவில்லை, எல்லாவற்றிலும் மோதினேன்.

தெருப் பாணிக்காரர்கள் பிரேக் வைத்துக்கொள்ள மாட்டார்கள் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். அன்று மாலையே அப்பாவின் கட்டிங் பிளேயரை எடுத்துப் பிரேக் கம்பியை வெட்டி, பிடியையும் கழற்றிவிட்டேன். சைக்கிளை நிறுத்தத் தெரியாதவள் பிரேக்கை வெட்டலாமா என்று நீங்கள் கேட்கலாம். அன்றைக்கு என்னிடம் யாரும் கேட்கவில்லை.

இரண்டு மாதத்தில் முழங்கை, முழங்கால், கடைசியாகத் தாடையில் மூன்று தையல். வகுப்பில் எந்த எலும்பைப் பற்றிப் பாடம் நடந்தாலும் பேராசிரியை என்னைத்தான் எழுந்து நிற்கச் சொல்வார். தையல் போட்டுக்கொண்டு வந்த அன்று அம்மா தீர்ப்பைச் சொல்லிவிட்டாள்.

"இன்னொரு வாட்டி நீ வுழுந்தன்னு வச்சிக்க, வண்டி பழைய இரும்புக்குப் போவும். சொல்லிட்டேன்."

"நான் இப்ப தாண்டுறேன்மா! சைக்கிளோட சேந்து எம்பி, ஒரு செங்கல்லத் தாண்டுறேன்!"

"யாரு பாத்தாங்க?"

அங்கேதான் மாட்டிக்கொண்டேன். யாரும் பார்க்கவில்லை. அந்த ஆளில்லாத நகரில் ஒரு மாலை, ரேவதி தண்ணீர் வாங்கப் போயிருந்த நேரத்தில், இரண்டு சக்கரமும் மண்ணை விட்டு எழும்பி ஒரு செங்கலைத் தாண்டின. முயல் மாதிரி தாண்டினேன். சத்தியமாகத் தாண்டினேன். அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே, "கண்ணால பாக்காம நான் எதுக்கும் சரின்னு சொன்னது இல்லம்மா. ஒருநாள் தாண்டிக் காட்டு. அப்புறம் உங்கம்மாகிட்ட நான் பேசறேன்" என்றார்.

எனக்கு அந்தச் சைக்கிள் வேண்டும். அதில் ஏறி நிற்கும்போது மட்டும்தான் யாருடைய மகள், என்ன மார்க், எப்போது கல்யாணம் என்கிற எதுவும் இல்லாமல் நான் நானாக இருந்தேன். அதைப் பழைய இரும்புக்குப் போடுவதை நினைத்தாலே அழுகை வந்தது. ஆகவே அப்பா கண் முன்னால் தாண்டிக் காட்டியே தீருவது என்று முடிவு செய்தேன்.

அந்த வாரம் அப்பாவுக்கு எங்கள் ஊர்க் கோயிலில் வேலை. மாதா திருவிழாக் கொடியேற்றத்துக்கு முன்னால் கோயில் முற்றத்துக்குப் புதிதாகக் காங்கிரீட் தளம் போட வேண்டும். பங்குச் சாமியார் அப்பாவைக் கூப்பிட்டுச் சொன்ன வேலை அது. மூன்று நாளாக அப்பா தூக்கத்தில்கூட ஜல்லி, மணல் என்று புலம்பிக்கொண்டிருந்தார். திங்கட்கிழமைதான் காங்கிரீட் போடுவதாகப் பேச்சு. சனிக்கிழமை முற்றத்தில் சும்மா அளவெடுத்துக்கொண்டு நிற்பார், செங்கல்லை வைத்துத் தாண்டிக் காட்டிவிடலாம் என்பது என் திட்டம்.

மழை வரும்போல இருக்கிறது என்று அப்பா கலவை மிஷினைச் சனிக்கிழமையே வரவழைத்துவிட்டது எனக்குத் தெரியாது. கல்லூரியிலிருந்து நேராக ரேவதி வீட்டுக்குப் போய், அங்கே விட்டிருந்த சைக்கிளை எடுத்துக்கொண்டு அவள் ஸ்கூட்டியிலேயே ஊருக்கு வந்தேன். எங்கள் ஊரில் வாய்க்கால் கரையிலிருந்து கோயிலுக்கு ஒரு சரிவான சாலை இறங்கும். ரேவதியைக் கரைமேல் போனோடு நிறுத்தினேன்.

"நல்லா எடுடி. ஆடக் கூடாது."

"நீ வுழாம போ. நான் ஆடாம எடுக்கறேன்."

சரிவில் வண்டி பறந்தது. காற்று காதில் அடித்தது. கோயில் முற்றம் சாம்பல் நிறத்தில் பளபளவென்று மின்னியது. திருவிழா வருகிறதே, பெண்கள் தரையைக் கழுவிவிட்டிருக்கிறார்கள் என்று நினைத்தேன். நல்லது, வழுவழுவென்று போகும் என்றும் நினைத்தேன். (இருபது வருஷம் சிமெண்ட் வாசனையில் சோறு தின்றவள் நினைத்தாள் இப்படி!)

பக்கத்தில் வந்த பிறகுதான் முற்றத்தின் நடுவே செங்கற்கள் மேல் குறுக்காக ஒரு பலகை போட்டிருப்பது தெரிந்தது. பலகையின் ஒரு ஓரத்தில் எனக்கு முதுகைக் காட்டிக் குந்தியபடி அப்பா மட்டப்பலகையால் தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். கொளுத்துக்காரர் எதற்காகப் பலகை போட்டு அதன்மேல் உட்காருவார் என்பது மூன்று வயதிலிருந்து எனக்குத் தெரியும். கீழே கால் வைக்கக் கூடாது என்பதற்காகத்தான்.

பிரேக் பிடிக்க விரலை நீட்டினேன். விரலுக்கு ஒன்றும் அகப்படவில்லை. காலைப் பின் சக்கரத்தில் வைத்துத் தேய்த்தேன். செருப்பு பிய்த்துக்கொண்டு பறந்தது. "அப்பா நவுரு! நவுருப்பா!" என்று கத்தினேன். கலவை மிஷின் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை.

சக்கரம் காங்கிரீட்டில் இறங்கியது. ஐந்தாறு அடி ஓடியது. பலகை வந்துவிட்டது. அடுத்து நான் செய்ததை யோசித்துச் செய்யவில்லை. உடம்பைக் கீழே அமுக்கி, ஹேண்டில்பாரை மார்புக்கு இழுத்து, காலை மடக்கி எம்பினேன். பலகைக்கு மேலே, அப்பாவின் தோளுக்கு ஒரு முழம் பக்கத்தில், நானும் சைக்கிளும் ஒரு கணம் அந்தரத்தில் இருந்தோம். பலகை எங்களுக்குக் கீழே கடந்து போனது. தாண்டிவிட்டேன்!

சந்தோஷப்பட அவகாசம் கிடைக்கவில்லை. அந்தப் பக்கம் இறங்கிய முன் சக்கரம் நன்றாகப் புதைந்தது. மணப்பட்டில் நடந்ததே மறுபடி நடந்தது. இந்த முறை நான் குப்புற, கையைக் காலைப் பரப்பிக்கொண்டு, ரசமட்டம் அந்தோணியின் புதுத் தளத்தில் முழு உருவமாகப் பதிந்தேன்.

கோயில் மதிலுக்கு அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த மிஷினை யாரோ நிறுத்தினார்கள். கோயிலுக்குள் பூத்தொடுத்துக்கொண்டிருந்த பெண்கள் வெளியே வந்தார்கள். அதில் அம்மாவும் இருந்தாள். அப்பா பலகை வழியாக வந்து என் கையைப் பிடித்துத் தூக்கினார்.

"கையத் தூக்கு. கால மடக்கு. எங்கனா வலிக்குதா?"

"இல்லப்பா."

வலிக்கவில்லை என்று உறுதியானதும் அவர் குரல் மாறியது. "கொளுத்துக்காரன் பொண்ணுடி நீ! பச்சக் காங்கிரீட்டுன்னு தெர்ல உனக்கு?"

"இன்னாடி இது கோலம்?" என்று அம்மா தலையில் கை வைத்தாள். "நாளைக்குப் பூசைக்கு ஊரே வந்து பாக்கும். அந்த வண்டிய இப்பவே தூக்கி இரும்புக் கடையில போடு."

முடி, புருவம், மூக்கு நுனி எல்லாம் சிமெண்ட் வழிய நான் நின்றேன். சைக்கிள் போனதைவிட அப்பாவின் தளம் போனது பெரிய வேதனையாக இருந்தது. "தாண்டிட்டேன்பா. பலகையத் தாண்டிட்டேன்" என்று மட்டும் அழுதுகொண்டே சொன்னேன். அப்பா முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார், அவர் பார்க்கவில்லை. ஆனால் ரேவதியிடம் வீடியோ இருக்கிறதே! அவள் மூச்சிரைக்க ஓடிவந்து போனை நீட்டினாள். பதற்றத்தில் முன்பக்கக் கேமராவை அமுக்கியிருக்கிறாள். நாற்பது விநாடி முழுக்க ரேவதியின் முகம்தான். கண் விரிகிறது, வாய் பிளக்கிறது, "ஐயோ சகாயம்!" என்று என் பெயரைச் சொல்லி அலறுகிறது. அவ்வளவுதான் என் சாதனைக்குச் சாட்சி.

அப்பா மட்டப்பலகையை எடுத்தார். முதலில் என் உருவத்தைத் தேய்த்தார். முகம் பதிந்த இடம், முழங்கை, ஹேண்டில்பார் குத்திய பள்ளம் எல்லாவற்றிலும் கலவையை இட்டு நிரப்பி இழுத்தார். பிறகு பலகையின் இந்தப் பக்கம் வந்தவர், சக்கரத்தடத்தைப் பார்த்துக் கையை நிறுத்தினார். குனிந்தார். பலகையைத் தூக்கி ஓரமாக வைக்கச் சொன்னார். இடுப்பிலிருந்து டேப்பை எடுத்தார்.

"இங்க அமுக்கியிருக்க. பள்ளம் ஆழமா கீது பாரு." விரலால் காட்டினார். "முன் சக்கரம் இங்கயே எழும்பிடுச்சி. பின் சக்கரம் இதோ, இதோட முடியுது. அப்புறம் தடமே இல்ல. அந்தப் பக்கம் இங்கதான் ஆரம்பிக்குது." டேப்பின் நுனியை என் கையில் கொடுத்தார். "புடி."

நான் பிடித்தேன். அப்பா இரண்டு முறை அளந்தார், வழக்கம்போல.

"மூணடி எட்டு இன்ச்" என்று அம்மாவைப் பார்த்துச் சொன்னார். "உன் பொண்ணு மூணடி எட்டு இன்ச் தாண்டியிருக்கா. நடுவுல ஒரு கோடு இல்ல, ஒரு கீறல் இல்ல."

அம்மா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓரத்திலிருந்தே எட்டிப் பார்த்தாள். வெகு நேரம் பார்த்தாள். "எதுக்கும் பிரேக்க மாட்டித் தொலைக்கச் சொல்லு" என்றாள். பழைய இரும்புப் பேச்சு அன்றோடு நின்றது.

ஆனால் அப்பா அந்தத் தடத்தைத் தேய்க்கவில்லை. மறுநாள் சாமியார் வந்து பார்த்தார். தளம் கண்ணாடி மாதிரி இருந்தது, அந்த ஒரு சக்கரத்தடத்தைத் தவிர.

"மேஸ்திரி, இத வுட்டுட்டீங்களே?"

"வுட்டது இல்ல சாமி" என்றார் அப்பா. "வச்சது."

வாழ்நாள் முழுக்க ஒரு நூல் பிசகினாலும் இடித்துவிட்டு மறுபடி கட்டிய மனிதர் சொன்னது இது. எனக்கு அன்றைக்கு வந்த பெருமை, பிறகு பட்டம் வாங்கியபோதுகூட வரவில்லை.

இப்போது எனக்கு முப்பது ஆகப்போகிறது. மதகடிப்பட்டில் ஒரு மருத்துவமனையில், விழுந்து அடிபட்டவர்களை நடக்க வைக்கிற வேலை பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் இன்னமும் சைக்கிள் ஓட்டுகிறேன், பிரேக் உண்டு. அந்த ஆளில்லாத நகரில் இப்போது நாலு வீடு வந்துவிட்டது, அங்கே சிறுமிகள் மூன்று பேருக்குச் செங்கல் தாண்டச் சொல்லித் தருகிறேன். எங்கள் வீட்டில் யார் எதைப் பீற்றிக்கொண்டாலும் அம்மா ஒரே கேள்விதான் கேட்பாள்: "காங்கிரீட்ல கீதா?" கபடியில் தனியாளாக ஏழு பேரை வீழ்த்தியதாக என் கணவர் சொன்னபோது கேட்டாள். சின்ன வயதில் ஏரியை நீந்திக் கடந்ததாக அப்பா சொன்னபோதும் கேட்டாள். அப்பா பாதியிலேயே நிறுத்திக்கொண்டார்.

திருவிழாவுக்கு வருகிற சொந்தக்காரர்களை அவர் இன்றும் முற்றத்துக்கு அழைத்துப்போய் டேப் வைத்துக் காட்டுகிறார். "சரி, பொண்ணு வுழுந்தது எங்க?" என்று யாராவது கேட்டால் ரசமட்டத்தை அவர்கள் கையில் கொடுத்து, "நீயே தேடிக்க" என்கிறார். இதுவரை ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை.