என்னாளு அண்ணாச்சியும் நாலு வாசல் எடைக்கூடமும்

கோவில்பட்டியில் என்னாளு அண்ணாச்சியிடம் திட்டு வாங்காத மனிதரே கிடையாது. அப்படி ஒருவர் இருந்தால், அவர் இப்போதுதான் ரயிலை விட்டு இறங்கியிருப்பார். ஸ்டேஷனுக்கு வெளியே இன்னும் வந்திருக்க மாட்டார்.

அவருடைய உண்மைப் பெயர் எனக்குத் தெரியாது. இருபத்தெட்டு வருஷமாக டைரி எழுதுகிறேன். மழை பெய்த நாளும் இடைசெவல் பஸ் தாமதமான நிமிஷமும் அதில் இருக்கின்றன, அந்தப் பெயர் இல்லை. கடைக்காரர்களின் எலெக்ட்ரானிக் தராசுகளைப் பழுது பார்ப்பது அவர் தொழில். பழைய பருத்திப் பேட்டையின் எடைக்கூடத்தில், வடக்கு வாசலில் மேஜை போட்டிருந்தார்.

எங்கள் ஊரில் புதியவரிடம் பெயர் கேட்பதற்கு முன்னால், "நீங்க என்ன ஆளுக?" என்று கேட்பார்கள். சாதி என்ற சொல்லை வாயில் எடுக்காமல் சாதியைத் தெரிந்துகொள்ளும் நாகரிகம் அது. அண்ணாச்சி வாடகைக்கு வீடு பார்க்கப் போனபோது வீட்டுக்காரரும் கேட்டார்.

"அறுபத்திரெண்டு கிலோ" என்றார் அண்ணாச்சி.

"அதில்ல அண்ணாச்சி, என்ன ஆளுகன்னு..."

"அதத்தாம்வே சொல்லுதேன். சாப்பிட்டா அறுபத்திமூணு. நீரும் ஏறி நில்லும், உம்ம ஆளு எவ்வளவுன்னு பாப்போம்!"

சைக்கிள் கேரியரிலிருந்து எடை மெஷினை இறக்கியே விட்டார். வீட்டுக்காரர் எண்பத்தொன்பது. வீடு கிடைக்கவில்லை, 'என்னாளு' என்ற பட்டப்பெயர்தான் கிடைத்தது.

மளிகைக் கடையில் தெலுங்கு பேசுவார். பிரியாணிக் கடையில் உருது. சர்ச் வாசலில் யாரைப் பார்த்தாலும் "ஸ்தோத்திரம்" என்பார். ஒரே மாதத்தில் மூன்று சங்கங்கள் "நம்ம ஆளு" என்று ஆண்டுவிழா அழைப்பிதழ் கொடுத்தன. மூன்றுக்கும் போய்ச் சாப்பிட்டார். மூன்றிலும் சாம்பாரைத் திட்டினார்.

அந்த எடைக்கூடமும் அவரைப் போலத்தான், எந்தக் கணக்கிலும் சேராது. கிழக்கு வாசலில் கோயில் தூண்கள், தெற்கில் பள்ளிவாசல் வளைவு, மேற்கில் சர்ச் கூர்முனை, வடக்கில் ஜமீன் அரண்மனை ஜாடை. ஒவ்வொரு வாசலுக்கு மேலும் கல்லில் ஒரு வரி: கிழக்கே தமிழ், தெற்கே உருது, மேற்கே இங்கிலீஷ், வடக்கே தெலுங்கு. சுண்ணாம்பு அடை அடையாகப் படிந்திருந்தது. என்ன பாஷை என்று தெரியும். என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாது.

கட்டடத்தைப் புதுப்பிக்க ஒரு கமிட்டி போட்டார்கள். தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி ஒருவர் தலைவர். கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் நான் செயலாளர். கூடத்து வாடகைதாரர் என்ற முறையில் அண்ணாச்சியும் உறுப்பினர். கட்டடத்தில் எதை மாற்றினாலும் தீர்மானம் ஏகமனதாக இருக்க வேண்டும் என்பது விதி.

முதல் கூட்டத்தில் தலைவர் கேட்ட முதல் கேள்வி: "மொதல்ல இது என்ன ஆளுக கட்டடம்?"

கட்டடத்தையும் விடவில்லை!

"வடக்க அவிய சாமி பேரு எழுதியிருக்கும்" என்றார் ஒருவர். "தெக்க என்னமோ ஓதி வச்சிருக்கு" என்றார் இன்னொருவர். தமிழ் மட்டும் இருக்கட்டும், மற்ற மூன்றையும் பூசி மறைத்துவிடலாம் என்று தலைவர் யோசனை சொன்னார். அண்ணாச்சி மேஜையில் அடித்த அடியில் என் மைக்கூடு கவிழ்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை அவரே ஏணி போட்டு, ஈரத்துணியும் பிரஷுமாக நாலு கல்லையும் துலக்கினார். தெலுங்குக்கு மளிகைக் கடைக்காரர், உருதுவுக்குப் பிரியாணிக் கடை பாய், இங்கிலீஷுக்கு நான், தமிழுக்குத் தலைவர் என்று அழைத்து நிறுத்தினார்.

மளிகைக்காரர் எழுத்துக் கூட்டிப் படித்துத் தமிழில் சொன்னார்: "தராசுல கை வைக்காதே."

பாய் படித்தார்: "தராசுல கை வைக்காதே."

நான் படித்ததும் அதேதான். தலைவர் தமிழை அண்ணாந்து பார்த்துவிட்டு, மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

"படிங்க மொதலாளி!" என்றார் அண்ணாச்சி. "கட்டினவன் ஒருத்தனையும் நம்பல. நாலு பாஷையில நம்பல! எல்லாரையும் சரிசமமா நம்பாம இருந்தாம் பாருங்க, அவன் மனுசன். நீங்க உங்க ஆள மட்டும் நம்புதீங்க. அதாம்ல ஊரு நாறுது!"

உண்மை தெரிந்த பிறகாவது விட்டிருக்க வேண்டும். அடுத்த கூட்டத்தன்று, மில் கேண்டீனில் தராசு ரிப்பேர் என்று பொய் சொல்லி அண்ணாச்சியை அனுப்பிவிட்டார்கள். "மூணு கல்லையும் பூசுறதுன்னு தீர்மானம், ஏகமனதாகன்னு எழுதுங்க சார்" என்றார் தலைவர். எழுதினேன். அன்றைய என் டைரி: "புதன், மாலை 5.20. கூட்டம் அமைதியாக முடிந்தது." இப்போது படித்தாலும் அந்தப் பக்கத்தைக் கிழிக்கலாம் போல் ஆத்திரம் வருகிறது.

வெள்ளிக்கிழமை காலை வடக்குக் கல்லைப் பூசிவிட்டார்கள். ஏழு மணிக்கு அண்ணாச்சி என் வீட்டு வாசலில் நின்றார். அவர் குரல் தாழ்ந்து நான் கேட்டது அன்று ஒருநாள்தான்.

"ஏகமனசா வே? என் மனச எங்கன வச்சு எடை போட்டீரு?"

பத்து நிமிஷத்தில் கமிட்டி அறைக்குப் போனேன். தீர்மானப் புத்தகத்தில் 'ஏகமனதாக' என்பதைச் சிவப்பு மையால் அடித்து, 'ஒருவர் நீங்கலாக' என்று எழுதினேன். கதவு வரை போய்த் திரும்பி வந்தேன். 'ஒருவர்' என்பதையும் அடித்து, 'இருவர்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். என் எழுத்தில் ஒரே வரியில் இரண்டு அடித்தல் அது ஒன்றுதான்.

ஏகமனது போனதால் விதிப்படி வேலை நின்றது. என் செயலாளர் பதவியும் போயிற்று. உருதுவும் இங்கிலீஷும் தப்பின. வெள்ளைப் பூச்சு காய்ந்த வடக்குச் சுவரில் அண்ணாச்சி தினமும் காலையில் கரித்துண்டால் தெலுங்கில் அந்த வரியை எழுதுவார். சாயங்காலம் தலைவரின் ஆள் வந்து அழிப்பான். மறுநாள் காலை இன்னும் பெரிதாக எழுதுவார்.

போன ஐப்பசி மழையில் அண்ணாச்சி இறந்துபோனார். வந்த கூட்டம் அழுவதற்கு முன்னால் என்னைச் சூழ்ந்துகொண்டது. எல்லாரிடமும் இருந்தது அதே கேள்வி: "சார், உங்களுக்குத்தான் தெரியும். இவரு என்ன ஆளுக?"

"அறுபத்திரெண்டு கிலோ" என்றேன்.

சொன்ன பிறகுதான் தோன்றியது, எடையைக் குறைத்துச் சொல்லிவிட்டேன் என்று.