தாங்கள் மவுத்தானதாக வந்த செய்தி குறித்து

விக்கிரமசிங்கபுரம்,
ஞாயிற்றுக்கிழமை.

என்றும் மரியாதைக்குரிய மச்சான் காஜா முகைதீன் அவர்களின் சமூகத்துக்கு, தங்கள் அக்கா சுபைதாவின் வீட்டுக்காரன் மீரா முகைதீன் எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கு அனைவரும் அல்லாஹ்வின் கிருபையால் நலம். சவூதியில், தம்மாமில், தாங்கள் நலமாக, முக்கியமாக உயிரோடு, இருப்பதை வெள்ளிக்கிழமை சாயங்காலம் தாங்களே போனில் சத்தம் போட்டு உறுதி செய்துவிட்டபடியால், அதைப் பற்றி இக்கடிதத்தில் விசாரிக்கவில்லை.

அதற்குப் பிறகு என் போனை நீங்கள் எடுக்கவில்லை. எடுக்காததில் தப்பும் இல்லை. ஆகவே அங்கு வருகிற ஆளிடம் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். தெளிவுபடுத்த வேண்டியவை இரண்டு. உங்களைச் சாகடித்தது யார் என்பது ஒன்று. என் மகன் ஆதிலுக்கு உங்கள் மகள் ஷஃபீகாவைக் கொடுக்கலாமா என்பது மற்றொன்று. இரண்டும் ஒன்றோடு ஒன்று பின்னிக் கிடப்பதால் முதலில் இருந்தே சொல்கிறேன்.

மாடியில் கைலியோடு உட்கார்ந்துகொண்டு பையன் என்னதான் வேலை பார்க்கிறான் என்று கேட்டிருந்தீர்கள். நாளைக்கு இவனும் பெட்டியைக் கட்டிக்கொண்டு எங்கேயாவது போய்விட்டால், உங்கள் வீட்டுக்காரி ஷம்ஸியா தங்கச்சி இத்தனை வருஷம் தனியாகக் கிடந்தது போல ஷஃபீகாவும் கிடக்க வேண்டுமா என்றும் கேட்டிருந்தீர்கள். ஊரோடு இருக்கிற மாப்பிள்ளை என்றால் மட்டுமே சம்மதம் என்றீர்கள். நியாயமான பேச்சு. அதை நேரில் பார்த்து வரத்தான் உங்கள் அண்ணன் அசன் முகம்மது அவர்களை மேலப்பாளையத்திலிருந்து அனுப்பினீர்கள். அவரும் ஜும்ஆ முடித்து, ஒரு பொட்டலம் அல்வாவோடு வந்து சேர்ந்தார்.

ஆதிலின் வேலை இதுதான். போனிலேயே மருந்து விற்கிற ஒரு கடைக்குச் சென்னைக் கம்பெனி ஒன்று கம்ப்யூட்டர் வேலை செய்து கொடுக்கிறது. அந்தக் கடை ஓடுவதற்கு எங்கேயோ கண்காணாத இடத்தில் பல மிஷின்கள் வேண்டும். அந்தக் கூட்டத்துக்கு கிளஸ்டர் என்று பெயர். ஆதில் அவற்றில் எதையும் கையால் தொடுவதில்லை. இன்ன இன்ன மிஷின் வேண்டும், ஒவ்வொன்றிலும் இன்னது ஓட வேண்டும் என்று ஒரு ஃபைலில் எழுதி வைத்துவிடுவான். எழுதியபடியே எல்லாம் தானாக எழும்பி நிற்கும். ஓடுகிறவற்றில் ஒன்று விழுந்தால், கேட்காமலேயே இன்னொன்று வந்து அந்த இடத்தில் நிற்கும். நான் மில்லில் டைம் ஆபீஸில் காலம் தள்ளியவன். நிரந்தரத் தொழிலாளி வரவில்லை என்றால் கேட்டில் காத்திருக்கிற பதிலியை உள்ளே விடுவதே என் பிழைப்பு. ஆகவே எனக்கு உடனே விளங்கிவிட்டது. உங்கள் அண்ணனுக்குத்தான் கண்ணால் பார்த்தால் ஒழிய நம்பிக்கை வராது.

"பெரிய மாமா, இப்ப ஒண்ணைக் கொல்லுதேன், பாத்துக்கிட்டே இருங்க" என்றான் ஆதில்.

"கொல்லுதியா? ஜும்ஆ முடிஞ்சு வந்து பேசுத பேச்சாலே இது?"

ஆதில் ஒரு வரி தட்டினான். திரையில் ஒன்று செத்தது. அண்ணன் கண்ணாடியைத் துடைத்து மாட்டுவதற்குள் புதிதாக ஒன்று வந்து நின்றது. அண்ணன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "நானும் ஒண்ணு கொல்லட்டுமாலே?" என்றார். கொன்றார். அதுவும் வந்தது. பிறகு அவரை நிறுத்த முடியவில்லை. ஜவுளிக்கடையில் அத்தனை காலம் பொறுமையாக உட்கார்ந்திருந்த மனிதருக்குள் இப்படி ஒரு ஆசை இருந்தது யாருக்குத் தெரியும்? கை வலித்த பிறகுதான் நிமிர்ந்து கேட்டார்:

"ஏலே, செத்தது யாருன்னு ஒருத்தரும் கேக்க மாட்டாவளா?"

"கேக்க மாட்டாங்க மாமா. எண்ணிக்கை சரியா இருந்தாப் போதும்."

மச்சான், அந்தப் பதில் எனக்குப் பிடிக்கவில்லை. வேலை பார்த்த காலம் முழுவதும் பெயர் எழுதாமல் ஒரு ஆளைக்கூட நான் ஷிப்டுக்குள் விட்டதில்லை. பதிலியானாலும் பெயர் உண்டு, தகப்பன் பெயர் உண்டு. இங்கே பார்த்தால் மிஷின்களுக்கு ஒரு எழுத்து, ஒரு எண், மறுபடி ஒரு எழுத்து. லாரிக்குக்கூட முன்னால் மகள் பெயர் எழுதுகிற ஊர் இது. இதற்கிடையில் அஸர் பாங்கு சொல்லிவிட்டது. ஆதில், "வந்து ஒரு சின்ன மாத்தம் போடணும், யாரும் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் பள்ளிக்குப் போனான். எங்கள் இருவருக்கும் முழங்கால் வலி. வீட்டிலேயே தொழுதுவிட்டு மறுபடி மிஷினுக்கு முன்னால் வந்து உட்கார்ந்தோம்.

ஃபைல் திறந்தே இருந்தது. மூன்று மிஷின், மூன்று அனாதைப் பெயர். கடைசிக் காலத்தில் வருகைப் பதிவேட்டைக் கம்ப்யூட்டரில் அடித்தவன் என்பதால் எனக்குக் கை வரும். முதல் இடம் பெண்ணைப் பெற்றவருக்கு என்பது முறை. ஆகவே முதல் மிஷினுக்கு காஜா முகைதீன் என்று தங்கள் திருநாமத்தைச் சூட்டினேன். இரண்டாவது, பக்கத்திலேயே இருந்து எழுத்துப் பிழை பார்த்த அசன் முகம்மது. மூன்றாவது நான். சம்பந்தி வீட்டாருக்கு இதைவிட என்ன மரியாதை செய்துவிட முடியும்? சேமித்தும் வைத்தேன்.

இங்குதான் ஒரு நுணுக்கம் எனக்குத் தெரியாமல் போயிற்று. பெயரை மாற்றினால், அதே ஆளுக்குப் புதுப் பெயர் என்று அந்த ஃபைலைப் படிக்கிற யந்திரம் எடுத்துக்கொள்ளாதாம். பழைய ஆளுக்கு வேலை இல்லை, புது ஆளைக் கூப்பிடு என்றுதான் எடுத்துக்கொள்ளுமாம். எந்த மில்லிலும் இப்படி ஒரு சட்டம் கிடையாது. செய்யலாமா என்று யந்திரம் ஒருமுறை கேட்கத்தான் செய்யும். ஆனால் ஆதில் திரும்பி வந்து உட்கார்ந்த நேரம் பார்த்து அண்ணன் அவன் வாயில் அல்வாவைத் திணித்து, பாபநாசம் அணையில் தண்ணீர் எவ்வளவு கிடக்கிறது என்று விசாரித்துக்கொண்டிருந்தார். பையன் மாமாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஆமாம் என்று தட்டிவிட்டான்.

பழைய மூன்றும் போய், புது மூன்றும் எழும்புவதற்குள் மருந்துக்கடை படுத்துவிட்டது. ஆதில் என் பக்கம் திரும்பினான். "வாப்பா, ஃபைலைத் தொட்டியளா?" என்று கேட்டான். "பேரு மட்டும்தான் வச்சேன்" என்றேன். அதற்குள் சென்னையிலிருந்து அவன் மேலதிகாரி ஸ்வீட்லின் போன் செய்துவிட்டார். தூத்துக்குடிப் பெண், நல்ல கணீரென்ற குரல். ஆதில் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு வேலையைப் பார்த்தான். இந்த வேலை போனால் அவனும் உங்களைப் போல விசா எடுக்க வேண்டியதுதான், சம்பந்தமும் அத்தோடு முடிந்தது என்று நான் கணக்குப் போட்டுவிட்டேன். அந்த அம்மாள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"ஆதில், அசன் முகம்மது வந்தாச்சு. மீரா முகைதீன் வந்தாச்சு. காஜா முகைதீன் மட்டும் ரெஸ்பான்ஸே இல்ல. இனி பாத்துப் பிரயோசனம் இல்ல, தூக்கிருங்க."

உங்கள் மிஷின் மட்டும் ஏன் எழும்பவில்லை என்பது எனக்குத் தெரியாது. பெரிய இடத்துப் பெயர், அதனால் தாமதம் ஆகியிருக்கலாம். ஆனால் டீ கொண்டு மாடிப்படி ஏறி வந்துகொண்டிருந்த சுபைதாவின் காதில் இது விழுந்தது. தட்டு விழுந்த சத்தம் எங்களுக்குப் பிறகுதான் கேட்டது. "யா அல்லாஹ், என் தம்பி போயிட்டானே!" என்று அவள் ஷம்ஸியாவுக்குப் போன் போட, ஷம்ஸியா உங்களுக்குப் போட, நீங்கள் வெள்ளிக்கிழமைத் தூக்கத்தில் போனை அணைத்து வைத்திருக்க, எடுக்காததே அத்தாட்சியாகிவிட்டது. நான் படி இறங்குவதற்குள் தெருப் பெண்கள் உங்கள் மவுத்துக்காக யாசீன் ஓதத் தொடங்கியிருந்தார்கள். நாற்காலி வாடகைக்காரர் வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, எத்தனை இறக்க என்று கேட்டார். ஆள் மவுத்தாகவில்லை என்று நான் சொன்னதை ஒருவரும் நம்பவில்லை. துக்கத்தில் புத்தி பேதலித்துவிட்டது என்று என்னையும் பிடித்து உட்கார வைத்தார்கள். நீங்கள் விழித்து, தவறிய அழைப்புகளைப் பார்த்து, என் போனில் வந்து திட்டிய பிறகுதான் கூட்டம் கலைந்தது. உங்கள் திட்டு அவ்வளவு இனிமையாக எனக்கு ஒருபோதும் கேட்டதில்லை.

மாடியில் ஆதில் பழைய ஃபைலை எடுத்து வைத்து மறுபடி ஓட்டியிருந்தான். பழைய ஃபைல்கள் எல்லாம் வரிசையாக இருக்குமாம், எது வேண்டுமோ அதற்குத் திரும்பிப் போகலாமாம். மருந்துக்கடை எழுந்து நின்றது, ஒன்றுமே நடக்காதது போல. ஸ்வீட்லின் அவனை வேலையை விட்டு நீக்கவில்லை. "இனிமே கதவைப் பூட்டிக்கிட்டு வேலை செய்ங்க" என்று மட்டும் சொன்னார். இப்போது என் வீட்டு மாடிக்கு நான் கதவைத் தட்டிவிட்டுத்தான் போகிறேன்.

அண்ணன் கிளம்பும்போது வாசலில் நின்று சொன்னார்: "பையன் தங்கம். பதறாம நின்னு எல்லாத்தையும் நிமித்திட்டாம்லா. தகப்பன்கிட்டதான் கொஞ்சம் சூதானமா இருக்கணும்." ஆகவே மச்சான், முடிவாகச் சொல்கிறேன். பையன் யோக்கியன், வேலை பத்திரம், வேலை மாடியிலேயே இருக்கிறது. ஊரை விட்டு அவன் போக மாட்டான், அதற்கு நான் பொறுப்பு. ஷஃபீகா தனியாகக் கிடக்க மாட்டாள். மனம் கோணாமல் சம்மதம் சொல்லுங்கள்.

தங்கள் ஆயுளை அல்லாஹ் நீளமாக்கித் தருவானாக. அண்ணனும் சுபைதாவும் தங்களுக்கு சலாம் சொல்லச் சொன்னார்கள். மையித்துத் தொழுகைக்குத் தயாராக வந்து நின்ற தெருக்காரர்கள் அனைவரும் சலாம் சொன்னார்கள்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மச்சான்,
மீரா முகைதீன்.

பின்குறிப்பு: உறையை ஒட்டும் நேரத்தில் ஆதில் மாடியிலிருந்து இறங்கி வந்தான். ஊரை விட்டுப் போக மாட்டான் என்று நான் எழுதியதை அடித்துவிடச் சொன்னான். ஷஃபீகாவுக்கு மஸ்கட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை வந்திருக்கிறதாம். நிக்காஹ் முடிந்ததும் போகிறாளாம், இவனும் கூடப் போகிறானாம். "என் வேலை எங்கன இருந்தாலும் நடக்கும் வாப்பா, அவ வேலைக்குத்தான் அங்கன போகணும்" என்கிறான். மாப்பிள்ளை ஊரை விட்டுப் போவானா என்று நீங்கள் கேட்டீர்கள், நானும் பக்கம் பக்கமாகப் பதில் எழுதினேன். பெண் போவாளா என்று நீங்களும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. ஷம்ஸியா தங்கச்சிக்கு நேற்றே தெரியுமாம். அழவில்லையாம். "ரெண்டு பேரும் சேந்துதான போறிய, அது போதும்" என்றாளாம். ஆக மச்சான், இனி அந்த வீட்டில் அவள் ஒருத்திதான். ஊரோடு இருக்கிற ஆள்தான் வேண்டும் என்று சொன்னவர் நீங்கள். கிளம்பி வாருங்கள்.