அமிர்தசாமிக்குக் கிடைத்த பிரமோஷன்

சுருட்டுக் கம்பெனி அவரை வீட்டுக்கு அனுப்பிய அன்று சாயங்காலமே அமிர்தசாமி ஒரு மகத்தான முடிவுக்கு வந்தார். வேலை போன விஷயம் மனைவி வியாகுலம்மாளுக்குத் தெரியக் கூடாது. இன்னொரு வேலை கிடைக்கும்வரை மூச்சே விடக் கூடாது.

அந்த அம்மாளுக்கு வியாகுலம் என்று யார்தான் பெயர் வைத்தார்களோ! அவள் வியாகுலப்பட்டு அவர்கள் குடியிருந்த பாலக்கரையில் ஒருவரும் பார்த்ததில்லை. பட்டதெல்லாம் மற்றவர்கள்தான்.

அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்திரண்டாம் வருஷம். சுருட்டு வியாபாரம் நிஜமாகவே புகையாகப் போய்க்கொண்டிருந்தது. இருபத்து நாலு வருஷம் ரங்கூனுக்கும் சீமைக்கும் கடிதம் எழுதிய குமாஸ்தாவை, "இனிமேல் எழுத ஒன்றுமில்லை" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். வயது நாற்பத்தெட்டு. வேறு தொழில் ஒன்றும் தெரியாது.

மறுநாள் காலையில் வழக்கம்போல் கோட்டை மாட்டிக்கொண்டு, புளிச்சோற்றுத் தூக்குடன் புறப்பட்டார். கால் பழக்கத்தில் கம்பெனி வாசல்வரை போய்விட்டது. அங்கே ஒரு நிமிஷம் நின்றார். உள்ளே அவர் நாற்காலியில் யாரோ ஒருவர் நிழலாகத் தெரிந்தார். திரும்பிப் பார்க்காமல் நடந்து சிந்தாமணிப் பக்கம் காவிரிக் கரையில் ஒரு புங்கமரத்தடியில் போய் உட்கார்ந்தார்.

நல்ல இடம். எதிர்க்கரையில் ஸ்ரீரங்கத்துத் தென்னந்தோப்புகள் பனியில் மிதந்தன. தோப்புக்கு மேலே கோபுரங்கள் பாதி மட்டும் தெரிந்தன, மீதியை யாரோ இன்னும் கனவு கண்டு முடிக்காததுபோல. தண்ணீர் எந்த அவசரமும் இல்லாமல் போனது. அமிர்தசாமியும் அதோடு போனார். திங்கட்கிழமை ரங்கூன் கப்பலுக்குக் கேப்டன் ஆனார். செவ்வாய்க்கிழமை தொட்டியத்தில் நூறு ஏக்கர் வாழைக்குச் சொந்தக்காரர். இலை ஒவ்வொன்றும் அவரைக் கண்டு குனிந்து சலாம் போட்டது. புதன்கிழமை கவர்னருக்கே ஆலோசகர். அதற்கு ஒப்புதல் தெரிவித்துக் கவர்னருக்குக் கடிதமும் எழுத ஆரம்பித்துவிட்டார்.

"அய்யா எழுதுறீங்களா?"

தலையைத் தூக்கினார். ஜட்கா ஓட்டும் பிச்சை.

"எம் மருமவனுக்கு ஒரு கடுதாசி எழுதணும். பொண்ணை அனுப்பி வைக்க மாட்டேங்கறான்."

கவர்னரைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு அமிர்தசாமி எழுதினார். 'அன்புள்ள மாப்பிள்ளைக்கு' என்று தொடங்கி, மகளைப் பார்க்காமல் தகப்பன் குதிரையோடு பேசிக்கொண்டிருப்பதாக முடித்தார். படித்துக் காட்டியதும் பிச்சை தலைப்பாகையை அவிழ்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். நாலாம் நாள் மகள் வந்து இறங்கினாள்.

அப்புறம் கேட்க வேண்டுமா? மீன்காரி வந்தாள். வாழைக்காய் வண்டிக்காரர்கள் வந்தார்கள். சிலர் காசு கொடுத்தார்கள், சிலர் கண்ணீர் கொடுத்தார்கள், தொட்டியத்துக்காரர் ஒருவர் ஒரு வாழைத்தாரே கொடுத்தார். ஊரெல்லாம் தன் கடிதங்கள் கொக்குகளைப் போல வெள்ளைவெளேரென்று பறப்பதாக அமிர்தசாமிக்குத் தோன்றியது. இருபத்து நாலு வருஷம் சுருட்டைப் பற்றியே எழுதிய கை, இப்போதுதான் மனுஷர்களைப் பற்றி எழுதியது. இந்தச் சந்தோஷத்தை வீட்டில் சொல்ல முடியவில்லையே என்பதுதான் ஒரே கஷ்டம்.

வாழைத்தாரைத் தோளில் வைத்துக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தபோதுதான் புத்தி வந்தது.

"ஆபீசுல எதுக்குங்க வாழைத்தாரு?" என்றாள் வியாகுலம்.

"அது... பிரமோஷன்."

"பிரமோஷன் தாருலயா குடுக்கறாங்க?"

"முதல்ல தாரு. அப்புறம்தான் ஆர்டரு."

"என்ன உத்தியோகம்?"

"பெரிய கிளார்க்கு."

"மாதாவே! நாளைக்கே வந்து மேனேஜருக்கு ஒரு கும்பிடு போட்டுட்டு வரேன்."

"ஐயையோ, அவரு ஊர்ல இல்ல."

"எங்க போயிருக்காரு?"

"சீமைக்கு."

"எப்ப வருவாரு?"

"கப்பல் வந்தா வருவாரு."

"சரிங்க" என்று சொல்லிவிட்டு அவள் ஒரு பழத்தை உரித்தாள். அந்தச் 'சரிங்க' அமிர்தசாமிக்குச் சரியாகப் படவில்லை.

மறுநாள் மரத்தடிக்குத் துப்பட்டி போட்ட ஒரு பெண் வந்தாள். வஹீதா என்று பெயர் சொன்னாள். அவர் முன்பின் பார்த்ததில்லை.

"எனக்கில்லீங்க அய்யா. எனக்குத் தெரிஞ்ச அக்கா ஒருத்தங்க அவங்க வீட்டுக்காரருக்கு எழுதச் சொன்னாங்க."

"சொல்லும்மா."

"'நல்லவரே, உங்களுக்கு வேலை போன விஷயம் மறுநாளே எனக்குத் தெரியும். நீங்களா சொல்லுவீங்கன்னு காத்திருந்தேன்...'"

அமிர்தசாமி பேனாவை நிறுத்தினார். "பெண்டாட்டிகிட்ட மறைச்சுட்டானா?"

"ஆமாங்க."

"சுத்த மடையனா இருப்பான் போல!"

"அது எனக்குத் தெரியாதுங்க."

அவருக்கு ஆவேசம் வந்துவிட்டது. தன் நிலைமை வேறு என்றும், தான் மறைத்தது பெருந்தன்மையால் என்றும் அவருக்குத் திடமான நம்பிக்கை. 'நல்லவரே' என்பது சப்பென்று இருந்தது. அடித்துவிட்டு, 'மூடனே!' என்று போட்டார். 'இருபது வருஷம் உன் சோற்றில் உப்புப் போட்டவளை நம்பாமல் யாரை நம்பப் போகிறாய்? உன் வேலை போனதில் எனக்கு வருத்தமில்லை. நீ தனியாக வருத்தப்பட்டாயே, அதுதான் என்னைச் சுடுகிறது' என்று எழுதி உரக்கப் படித்தார். அவர் குரலே தழுதழுத்தது.

"இதைப் படிச்சும் திருந்தலேன்னா அவன் மனுஷனே இல்ல. விலாசம் சொல்லு."

"பெரிய கிளார்க்கு அமிர்தசாமி, புங்கமரத்தடி, சிந்தாமணி."

காவிரி மட்டும் ஓடியது.

"தபால்ல போட வேணாமாம். கையிலேயே குடுத்துரச் சொன்னாங்க" என்று வஹீதா துப்பட்டிக்குள் சிரித்துக்கொண்டே போய்விட்டாள்.

அன்று மத்தியானமே அவர் வீட்டுக்கு வந்துவிட்டார். வியாகுலம் இலை போட்டாள்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"வேலை போன மறுநாள் குடையை மறந்துட்டுப் போனீங்க. எடுத்துக்கிட்டுப் பின்னாலேயே வந்தேன். நீங்க கம்பெனி வாசல்ல நின்ன நிப்பைப் பார்த்தப்புறம் கூப்பிட மனசு வரலை. மரத்தடிவரைக்கும் வந்து பார்த்துட்டுத் திரும்பிட்டேன்."

"அப்ப பிச்சை?"

"நான்தான் அனுப்பினேன்."

"மீன்காரி?"

"அவளும்தான்."

அமிர்தசாமியின் முகம் சுண்டிப்போனது. "அப்ப வந்தவங்க எல்லாருமே..."

"அந்த ரெண்டு பேருதாங்க. மத்தவங்க எல்லாம் உங்க எழுத்தைத் தேடி வந்தவங்க."

அவர் மார்பு மெதுவாக நிமிர்ந்தது. கூடவே கோபமும் நிமிர்ந்தது. இவ்வளவு பெரிய எழுத்தாளரை ஒருத்தி ஏசுவதா?

"அதெல்லாம் இருக்கட்டும். கட்டின புருஷனை 'மூடனே'ன்னு எழுதறதுக்கு உனக்கு என்ன தைரியம்?"

"நான் 'நல்லவரே'ன்னுதானே சொல்லி அனுப்பினேன்? அது யாரு கையெழுத்துன்னு பாருங்க."

அமிர்தசாமி சட்டைப் பையிலிருந்து கடிதத்தை எடுத்துப் பார்த்தார். சந்தேகமே இல்லை. 'மூடனே' என்பதற்குக் கீழே இரண்டு கோடு வேறு போட்டிருந்தார்.